“சும்மா இருக்கிறேன்” என்ற விடை



தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து உட்புறமாகப் பிரியும் சந்து ஒன்றில் எனக்குச் சித்தி முறையாகும் அம்மையார் ஒருவர் வசித்து வருகிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்தவர். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அவ்வளவே வீடு. கீழறையின் பாதியை எண்ணெய்ச் சட்டியும் மாவுத் தூக்குகளும் அடைத்துக்கொண்டிருக்கும். விடியுமுன் மாவு பிசைந்து, முறுக்குப் பிழிந்து, சுட்டெடுத்து, ஆறிய பின் பொட்டலம் கட்டிப் பதினொரு மணிக்குள் கடைக்காரருடைய ஆள் வந்து எடுத்துச் செல்லும்படி வைத்துவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே இருந்த ஒரு நாளில், ஏதோ ஒரு கணக்கெடுப்பின் பொருட்டு இளைஞர் ஒருவர் வினாத்தாளுடன் வந்தார். “வேலைக்குப் போகிறீர்களா?” என்று இந்தியில் கேட்டார். சித்தி பொட்டலத்தின் வாயை மெழுகுவத்திச் சுடரில் காட்டி ஒட்டியவாறே, “வேலைக்கெல்லாம் போகலை. வீட்டுலே சும்மாதான் இருக்கேன்” என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். அதை இந்தியில் பெயர்த்து அந்த இளைஞருக்குச் சொன்னவன் நான். அவர் ஒரு கட்டத்தில் குறியிட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பொட்டலங்கள் என் கண்ணெதிரே அடுக்கியிருந்தன. அவை அன்று எனக்கும் தோன்றவில்லை.

அந்த அம்மையாரின் மகள் இப்போது கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கிறாள். பாலினவியல் அவளுடைய பாடங்களில் ஒன்று. ஆண், பெண் என்னும் வேறுபாட்டைச் சமூகம் எவ்வாறு வகுத்து வைத்திருக்கிறது, அந்த வகுப்பினால் யாருக்கு என்ன கிடைக்கிறது, யாருக்கு என்ன கிடைக்காமற் போகிறது என்பவற்றை ஆராயும் துறை அது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் உள்ள என் வீட்டுக்கு அவள் வந்தபோது, கட்டுரை எழுதுவதற்காகச் சேர்த்த நகல் தாள்களைக் கொண்டுவந்திருந்தாள். அவற்றில் ஓர் அட்டவணை. குடிசைப் பகுதிப் பெண்களில் பெரும்பாலோர் உழைப்பில் ஈடுபடாதவர் என்று அது கூறிற்று. “அண்ணே, எங்க தெருவிலே வேலை செய்யாத பொம்பளை யாரு இருக்கா? இதை நான் எழுதலாமா, கூடாதா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அவள் அந்தத் தாளைக் கிழித்தெறியும் மனநிலையில் இருந்தாள். நான் வேண்டாமென்றேன். அட்டவணை பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு அது விடை சொல்லுகிறது. அந்தக் கேள்வி என்ன, யாரிடம் கேட்டார்கள், யார் விடை சொன்னார்கள் என்பதைத் தேடிக் கண்டுபிடித்த பின்பே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஆராய்ச்சி நூல்களில் இந்தச் செய்திகள் பெரும்பாலும் முன் பக்கங்களிலோ பின்னிணைப்பிலோ சிறிய எழுத்தில் இருக்கும். நம்மில் பலர் அவற்றைத் தாண்டி முடிவுரைக்குப் போய்விடுகிறோம்.

கேள்வி மாறினால் நாடே மாறிப்போவதற்கு நம் தேசத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சான்று உண்டு. 1961ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் ஏறத்தாழ 5 கோடியே 90 லட்சம் பெண்கள் உழைப்பாளிகளாகப் பதிவாயினர். பெண்களின் மொத்தத் தொகையில் இது சுமார் 28 சதவிகிதம். பத்தாண்டு கழித்து 1971இல் அத்தொகை ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சமாகக் குறைந்தது. சதவிகிதம் சுமார் 12. ஜனத்தொகை பெருகிய பத்தாண்டுகளில் ஏறக்குறைய மூன்று கோடி உழைப்பாளிப் பெண்கள் எங்கே போனார்கள்?

பெரும்பகுதியினர் எங்கும் போகவில்லை. 1961இல் பருவத்தொழில் செய்பவர்களைப் பற்றிய விதி தாராளமானது. பருவத்தின் பெரும்பகுதியிலும் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தாலே உழைப்பாளி எனக் கொண்டார்கள். 1971இல் ஒவ்வொருவரிடமும் முதன்மையான அலுவல் எது என்று கேட்டார்கள். வயலிலே நாற்று நட்டுவிட்டு வந்தவளும், தறிக்கு நூல் இழைத்துக் கொடுத்தவளும், “வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றே சொல்லியிருப்பார்கள். அவ்வளவில் அவர்கள் உழைக்காதவர் பட்டியலில் சேர்ந்தார்கள். இதில் மெய்யான வீழ்ச்சியும் ஓரளவு கலந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பஞ்சாலைகளிலும் சணல் ஆலைகளிலும் பெண்களின் தொகை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து குறைந்து வந்தது. மும்பையின் ஆலைகளும் அதற்கு விலக்கல்ல. எவ்வளவு மெய், எவ்வளவு கேள்வியின் விளைவு என்பதை ஒரே அட்டவணையைக் கொண்டு பிரித்தறிய இயலாது. 1961ஐயும் 1971ஐயும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, பெண்கள் உழைப்பைக் கைவிட்டார்கள் என்று முடிவு கட்டும் கட்டுரை எதையேனும் கண்டால், அதன் ஆசிரியர் வினாத்தாளைப் பார்க்கவில்லை என்று தயங்காமற் கருதலாம்.

1991இல் கேள்வியைத் திருத்தினார்கள். பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்த உழைப்பும் இதில் அடங்கும் என்று வினாவிலேயே சேர்த்தார்கள். இது தானாக நேர்ந்ததன்று. அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளாகப் பெண்ணியல் ஆய்வாளர்கள் எழுதியும் வாதாடியும் வந்ததன் பயன்.

அந்த முயற்சியில் நம் மும்பைக்குப் பெரும் பங்குண்டு. மகரிஷி கார்வே 1916இல் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகமே பின்னர் மும்பைக்கு வந்து எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகமாயிற்று. அங்கே 1974இல் நீரா தேசாய் அம்மையார் பெண்ணியல் ஆராய்ச்சி மையத்தை நிறுவினார்; இந்தியாவில் இத்தகைய மையங்களுள் அதுவே முதலாவது. இந்தியப் பெண்களைப் பற்றி 1957லேயே நூல் வெளியிட்டவர் அவர். அதே 1974இல், மத்திய அரசாங்கம் நியமித்திருந்த பெண்கள் நிலை பற்றிய குழு தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. குழுவின் தலைவர் பூல்ரேணு குஹா. செயலாளராக இருந்து உழைத்தவர் வீணா மஜும்தார். ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971இல் 930 பேரே இருந்தார்கள் என்பதை அந்த அறிக்கை நாட்டின் முன் நிறுத்திற்று. அந்த எண்கள் எல்லாம் எழுபது ஆண்டுகளாக அச்சிட்ட கணக்குப் புத்தகங்களில் கிடந்தவையே. அவற்றை ஒன்றாக வைத்துப் படித்துக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் இருந்தது.

கேள்வியை வேறு விதமாகக் கேட்டவர்களுள் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் என்பவரைக் குறிப்பிடத் தோன்றுகிறது. ஆந்திர தேசத்தில் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாப்பூரில் வீடுகளில் இருந்தபடியே சரிகைப் பூவேலை போன்ற நூற்பின்னல் செய்யும் பெண்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. அந்தப் பின்னல் கடல் கடந்து விற்பனையாயிற்று, வியாபாரிகள் செழித்தார்கள். பின்னியவர்களோ ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்றே ஊராராலும் கணக்கேட்டாலும் கருதப்பட்டார்கள். மீஸ் அவர்களிடம் நீ தொழிலாளியா என்று கேட்பதோடு நிறுத்தாமல், நாள் முழுவதும் கூடவே இருந்து நேரத்தையும் கூலியையும் கணக்கிட்டார். ஓய்வு நேரம் என்ற சொல் அதன்பின் நிற்கவில்லை. நரசாப்பூரைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நம் தெருக்களில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பளம் உலர்த்தும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அரசாங்கமும் இப்போது நேரத்தைக் கணக்கிடத் தொடங்கியிருக்கிறது. 2019இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நாடெங்கும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், முந்திய நாள் காலை நான்கு மணி முதல் மறுநாள் நான்கு மணிவரை அரை மணிக்கு ஒரு கட்டமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். கூலியில்லாத வீட்டுவேலையில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆண்கள் ஒன்றரை மணிக்கு மேல் வீட்டுவேலை செய்கிறார்களா என்று பல வீடுகளில் வியப்பு ஏற்பட்டிருக்கும். வியப்புக்குக் காரணம் உண்டு. அந்தச் சராசரி, அன்றைய தினம் வீட்டுவேலை செய்தவர்களுக்கு மட்டும் உரியது. பெண்களில் 81 சதவிகிதம் பேர் செய்தார்கள். ஆண்களில் 26 சதவிகிதம் பேரே செய்தார்கள். செய்யாத ஆண்களையும் சேர்த்து வகுத்தால் ஆணுக்கு 25 நிமிடம், பெண்ணுக்கு 243 நிமிடம். இரண்டு சராசரிகளும் ஒரே ஆய்வில் உள்ளவை, இரண்டும் சரியானவை. யாரை வகுத்தியில் சேர்த்தார்கள் என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதினால் வாசகர் ஏமாறுவார். 2024இல் மறுபடியும் இந்த ஆய்வு நடந்தது. செய்தவர்களின் சராசரி பெண்களுக்கு 289 நிமிடமாகவும் ஆண்களுக்கு 88 நிமிடமாகவும் இருந்தது.

இன்னொரு வகைச் சான்றும் உண்டு. அது எளிதில் மனத்தைக் கவர்வது. எங்கள் மாதுங்கா மத்திய ரயில்வே நிலையம் 2017ஆம் ஆண்டு முதல் முழுவதும் பெண் ஊழியர்களால் நடத்தப்படும் நிலையமாகப் புகழ்பெற்றது. பார்க்கவே பெருமிதமாக இருக்கும். என் சித்தி மகள் தன் கட்டுரையில் இதையும் சேர்த்திருந்தாள். சேர்க்கட்டும். ஆனால் ஒரு நிலையத்தைக் கொண்டு ரயில்வேயைப் பற்றியோ, ரயில்வேயைக் கொண்டு நகரத்தைப் பற்றியோ ஏதும் சொல்லிவிட முடியாது. அது ஒரு விதையின் செய்தி. விளைச்சலின் கணக்கு வேறு.

அவளுடைய தாள்களில் இருந்த இரண்டாவது எண்ணுக்கு இப்போது வருகிறேன். இது நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களுக்கு மிகவும் நெருங்கியது.

செம்பூரை அடுத்த தேவனாரில் 1954 முதல் டாடா சமூக அறிவியல் நிலையம் இருக்கிறது. அதன் அண்டையிலே மக்கள்தொகை ஆராய்ச்சிக்கென்று 1956இல் தோன்றிய மற்றொரு பெரிய நிறுவனமும் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு என்று நாம் செய்திகளில் கேள்விப்படுவது இந்த இரண்டாவது நிறுவனத்தின் பொறுப்பில் நடப்பது. அவ்வரிசையில் ஐந்தாவது ஆய்வு 2019 முதல் 2021 வரை, இடையிலே கொள்ளைநோய்க் காலத் தடையுடன், 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் நடைபெற்றது. 2021 நவம்பரில் அதன் சுருக்கம் வெளியானதும், இந்தியாவில் ஆயிரம் ஆண்களுக்கு 1,020 பெண்கள் இருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டன. பெண் சிசுக் கொலையும் கருவிலே அழித்தலும் பழங்கதை ஆயின என்று எழுதியவர்களும் உண்டு.

மூலத்தை எடுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? முதலாவது, இது தலைக்குத் தலை எண்ணிய கணக்கன்று. தேர்ந்தெடுத்த குடும்பங்களில் செய்த மாதிரி ஆய்வு. இரண்டாவது, முந்திய இரவு அந்த வீட்டில் உறங்கியவர்களையே இந்த விகிதத்துக்கு எண்ணினார்கள். ஆகவே விடுதியில் தங்கியிருப்பவன், பட்டாளத்துப் பாசறையில் இருப்பவன், கட்டட வேலை நடக்கும் இடத்திலே கொட்டகையில் படுப்பவன், மாதுங்காவிலும் சயானிலும் கடைப்பலகைமேல் துண்டை விரித்து உறங்கும் நம் ஊர் இளைஞன் — இவர்களில் பெரும்பாலோர் எந்த வீட்டின் கணக்கிலும் வருவதில்லை. ஊரில் உள்ள தாயும் மனைவியும் எண்ணப்பட்டார்கள். இங்கே உள்ள மகன் எண்ணப்படவில்லை. பெண்கள் சராசரியாக ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்வதும் ஒரு காரணம். எனவே 1,020 என்பதில் ஒரு பகுதி, வந்திருக்கும் நம்முடைய நிழல்.

அதே சுருக்கத்தாளில், அதே பக்கத்தில், அடுத்த வரியில் வேறோர் எண் இருக்கிறது. முந்திய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 929 பெண். இயற்கையாக விட்டால் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கும் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். பழங்கதை ஆகிவிட்டதா இல்லையா என்பதற்கு விடை இந்த வரியில் இருக்கிறது. தலைப்பெழுதியவர் கண்ணுக்கு மேல்வரி மட்டும் பட்டது.

இனி, அடிக்கப்படும் பெண்களைப் பற்றிய புள்ளிவிவரங்கள். இங்கே படிப்பவர் இருமடங்கு விழிப்பாக இருக்கவேண்டும். மேற்சொன்ன ஐந்தாவது ஆய்வில், மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29 சதவிகிதத்தினர் கணவனின் கொடுமைக்கு என்றேனும் உள்ளானதாகச் சொன்னார்கள். கணவனும் அவனைச் சார்ந்தவர்களும் செய்யும் கொடுமைக்காக 2022இல் நாடு முழுவதும் காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளோ ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம். இவ்விரண்டும் ஒரே பொருளை அளப்பன என்று எண்ணக் கூடாது. ஒன்று, ஒரு பெண் வாழ்நாளில் பட்டதைப் பற்றிய வாக்குமூலம். மற்றது, ஓர் ஆண்டில் காவல் நிலையப் படி ஏறியவர்களின் எண்ணிக்கை. வழக்கு மிகுந்த மாநிலத்தில் கொடுமை மிகுதி என்று சொல்லிவிட முடியாது. பெண்கள் அஞ்சாமல் படியேறும் இடமாகவும் அது இருக்கலாம். எழுதிக்கொள்ள மறுக்காத அதிகாரி உள்ள இடமாகவும் இருக்கலாம்.

வாக்குமூலத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஆய்வில் இந்தப் பகுதிக் கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம்தான் கேட்பார்கள். அதுவும் தனிமை கிடைத்தால்தான் கேட்பார்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். மிகச் சரியான ஏற்பாடு. பத்தடிக்குப் பத்தடி அறையில், வாசலுக்கு வெளியே மைத்துனரும் சுவருக்கு அப்பால் அண்டை வீட்டாரும் இருக்க, ஒரு பெண் எதைச் சொல்லுவாள்? ஆகவே இத்தகைய ஆராய்ச்சி எதைப் படித்தாலும், கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற செய்தி இருக்கிறதா என்று தேடவேண்டும். அது இல்லாத நூலின் எண்களை நான் அரைப்பங்குதான் நம்புவேன்.

யார் விடை சொன்னார்கள் என்பதும் அதே போன்றது. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆணின் பெயர் எழுதி, எல்லாக் கேள்விகளையும் அவரிடமே கேட்டு முடித்துவிடும் கணக்கெடுப்புகள் இன்றும் உண்டு. மனைவி என்ன சம்பாதிக்கிறாள் என்பதைக் கணவனும், மருமகளின் உடல்நிலையை மாமியாரும் சொல்லுகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு மொழியும் குறுக்கே வருகிறது. கேட்பவர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்கிறார். பெண் தமிழில் சொல்லுகிறாள். இடையில் பள்ளி செல்லும் மகனோ என்னைப்போல் வந்து உட்கார்ந்திருக்கும் உறவினரோ பெயர்த்துச் சொல்லுகிறார். ஏட்டில் அது ஆங்கிலமாகிறது. ‘சும்மா’ என்ற சொல்லை எந்த மொழியில் பெயர்ப்பது? நம் ஊரில் அது ஒன்றும் செய்யாமையையும் குறிக்கும், கூலி இல்லாமையையும் குறிக்கும், தன்னைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதென்ற அடக்கத்தையும் குறிக்கும். ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்பதற்குள் பிள்ளையைக் குளிப்பாட்டுவதிலிருந்து கடைக்கணக்கு வைப்பது வரையில் அடங்கும். ஒரு நூலில் தமிழ்ப்பெண்ணின் வாய்மொழி என்று அழகான ஆங்கில வாக்கியம் காணப்பட்டால், அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். சில வாக்கியங்கள் திரும்பி வருவதே இல்லை.

கேட்பவர் வேறு, கேட்கப்படுபவர் வேறு என்ற இந்த இடைவெளியை மும்பையின் ஏழை மக்கள் தாங்களே தாண்டிய ஒரு சரித்திரம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். செம்பூருக்கு அப்பால் இருந்த ஜனதா காலனியில் குடியிருந்தவர். 1976இல் அந்தக் காலனி முழுவதும் அகற்றப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அதை எதிர்த்து நின்றவர்களின் முன்னணியில் இருந்தார். நாம் எத்தனை பேர் என்று நமக்கே தெரியவேண்டும் என்பது அவருடைய கட்சி. 1984இல் மும்பையில் தோன்றிய ஸ்பார்க் என்னும் அமைப்பு, மறு ஆண்டில் நடைபாதைவாசிகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. சுமார் 6,000 குடும்பங்கள், 27,000 மக்கள். நடைபாதையில் வாழ்பவர் இன்று வந்து நாளை போகும் நாடோடிகள் என்ற பொதுக்கருத்தை அது தகர்த்தது. பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வேலைசெய்து வாழ்ந்தவை. அடுத்த ஆண்டு நடைபாதைப் பெண்களே ‘மகிளா மிலன்’ என்ற சங்கமாகக் கூடினார்கள். தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணவும் அளக்கவும் பழகினார்கள். 1986இல் தாராவியிலும் குடிசைவாசிகளின் சம்மேளனம் கணக்கெடுத்தது. அரசாங்கம் மதித்திருந்ததைவிட மிகப் பெரிய தொகை வந்தது. 5 லட்சத்துக்கு மேல்.

இதிலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. தங்களைத் தாங்களே எண்ணுபவர்களுக்கு எண் பெரிதாக இருப்பதில் ஆதாயம் உண்டு. நிலத்தைக் காலி செய்ய விரும்புவோருக்கு அது சிறிதாக இருப்பதில் ஆதாயம் உண்டு. தாராவியின் ஜனத்தொகை மூன்று லட்சம் என்பாரும் பத்து லட்சம் என்பாரும் இருப்பதன் இரகசியம் ஓரளவு இதுதான். ஆசியாவிலேயே பெரிய குடிசைப்பகுதி என்ற சொற்றொடரும் அப்படித்தான். ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதி, மூலம் எது என்று தேடப்போனால் கை வெறுமையாகத் திரும்புகிறது. நூலில் ஓர் எண்ணின் அடியில் எந்தக் கணக்கெடுப்பு, எந்த ஆண்டு என்று காட்டப்படவில்லையானால், அது எத்தனை நூல்களில் திரும்பத் திரும்ப வந்தாலும் ஒரே ஒரு சான்றுதான். சில வேளை அதுவும் இல்லை.

பெண்களின் வாய்மொழியைச் சேர்த்து வைக்கும் ஓர் ஆவணக்காப்பகமும் இந்நகரில் உண்டு. ‘அம்பை’ என்ற பெயரில் நம் சிறுகதை இலக்கியத்தில் நிலைபெற்றவரும், 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி விருது பெற்றவருமான சி. எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து 1988இல் நிறுவிய ‘ஸ்பாரோ’ அது. பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே சொன்ன ஒலிப்பதிவுகளும் புகைப்படங்களும் அங்கே பேணப்படுகின்றன. அட்டவணையில் அகப்படாதவை இத்தகைய பதிவுகளில் அகப்படும். நினைவும் தவறும், முதுமையில் சொல்லும் இளமைக்கதை சற்று நேராக்கப்பட்டிருக்கும், கேட்டவர் எதைக் கேட்க விரும்பினாரோ அதன் பக்கம் கதை சாயும். இருந்தாலும் ஒலிப்பதிவில் ஒரு நன்மை: கேட்டவர் கேட்ட கேள்வியும் அதிலேயே இருக்கிறது.

இவையெல்லாம் மாணவிக்கு மட்டும் வேண்டியவை அல்ல. தாராவியின் மறுகட்டமைப்புக்கென்று 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. யார் எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கிறார், கீழ்த்தளத்திலா மேல்தளத்திலா, யார் பெயரில் சீட்டு என்பவற்றைக் கொண்டே வீடு கிடைப்பது முடிவாகிறது. வீட்டிலே அடுப்பு வைத்துத் தொழில் நடத்தும் பெண் ‘சும்மா இருப்பவள்’ என்று பதிவானால், அந்த அடுப்புக்குப் புதிய கட்டடத்தில் இடம் கேட்க யாரால் முடியும்? 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027க்கென்று 2025இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்காளரின் கேள்விக்கு வாசலில் நின்று விடை சொல்லப்போகிறவர்களும், பின்னாளில் அந்த விடைகளைப் புத்தகத்தில் படிக்கப்போகிறவர்களும் ஒரே வீட்டுத் தாயும் மகளுமாக இருக்கலாம்.

என் சித்தி மகள் அந்த அட்டவணையைக் கட்டுரையில் சேர்த்துக்கொண்டாள். அதன் கீழே, எந்தக் கேள்வியைக் கேட்டு இந்த எண் பெறப்பட்டது என்று இரண்டு வரி எழுதினாள். பிறகு அவளாகவே ஒன்று செய்தாள். ஒரு தாளில் நாற்பத்தெட்டுக் கட்டங்கள் போட்டு, தாயின் எதிரே உட்கார்ந்து, “நேத்துக் காலையிலே நாலு மணியிலேருந்து என்னென்ன செஞ்சீங்கம்மா?” என்று கேட்டாளாம். “நாலு மணிக்கா? நாலு மணிக்குத் தண்ணி வரும்லா” என்று அந்த அம்மையார் தொடங்கியவர் நிறுத்தவே இல்லையாம்.

அந்தத் தாளை எனக்குக் காட்டினாள். பன்னிரண்டு கட்டங்கள் உறக்கத்துக்குப் போயிருந்தன. மற்றவற்றில் தண்ணீர், மாவு, எண்ணெய்ச் சட்டி, பொட்டலம், சமையல், துணி, ரேஷன் கடை, மறுபடி சமையல். பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை இரண்டு கட்டங்களில் மட்டும், தாய் சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்: “சும்மா இருந்தேன்.” பக்கத்தில் சிறிய எழுத்தில் அவளுடைய குறிப்பு ஒன்றும் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து மறுநாள் மாவுக்கு உளுந்தில் கல் பொறுக்கினார்.